விளக்குப் போகாத வீடு

அறுபதுகளில் திண்டுக்கல்லில் கல்யாணம் நடத்திய பலருக்கு எங்கள் அப்பாவைத் தெரிந்திருக்கும். அவர் மைக்செட் வாடகைக்கு விடுபவர். பேகம்பூருக்குப் போகும் சாலையில், ஒரு தெருமுனையில், முன்கட்டு கடையாகவும் பின்கட்டு வீடாகவும் இருந்த ஓட்டுக் கட்டடத்தில் குடியிருந்தோம். எதையும் ஆண்டு மாதத்தோடு சொல்லிப் பழகியவன் நான். அந்தக் கட்டடத்துக்கு மின்சாரம் வந்தது ஐம்பத்தேழில். அப்பா முதல் ஆம்ப்ளிஃபயர் வாங்கியது அதற்கடுத்த தையில். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பெட்டியைச் செய்து முடித்தது அறுபத்தொன்று கார்த்திகையில்.

அது சாதாரண மரப்பெட்டி. உள்ளே ஒரு ரிலே, அதாவது கம்பி சுற்றிய சின்னக் காந்தம். கரண்டு இருக்கும்வரை காந்தம் ஒரு இரும்பு நாக்கைத் தன்னிடம் இழுத்து வைத்திருக்கும். கரண்டு போனதும் நாக்கு விடுபட்டு எதிர்முனையில் போய் டக்கென்று தட்டும். தட்டியதும் லாரி பேட்டரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் பல்புகளுக்கு மின்சாரம் பாயும். பந்தலில் இருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும். ஆட்டோமேட்டிக் பெட்டி என்று ஊரில் அதற்குப் பெயர். சாயங்காலமானால் கரண்டு போவதும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததும் வழக்கமாக இருந்த காலம் அது. தோல் வியாபாரம் செய்த பேகம்பூர் பாய் ஒருவர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அச்சாரம் கொடுக்க வந்தபோது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணே, மாப்பிள்ள வரக் கொஞ்சம் லேட்டானாக்கூடப் பரவால்ல. ஒங்க பெட்டி லேட்டாகக் கூடாது.”

அப்பா பெட்டிகள் இரண்டு செய்திருந்தார். ஒன்று வாடகைக்குப் போகும். முதலில் செய்தது வீட்டோடு இருக்கும். வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்கும் எங்கள் கூடத்துக்கும் அது ஒன்றுதான். அந்தப் பெட்டியின் ரிலேக்குக் கம்பி சுற்றியது என் அக்கா. தலைமுடியைப் போன்ற கம்பியை அறுபடாமல், ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் ஏறாமல் சுற்றுவதற்கு அவளைப் போல் ஆள் கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

அவளுடைய வலது கையில் வெள்ளைத் திட்டு வந்தது நான் மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது. முதலில் சுண்டுவிரல் நுனியில் வந்து, பிறகு புறங்கை தாண்டி மணிக்கட்டுவரை பரவியது. அம்மா அதைத் தேமல் என்று சொல்வாள். தொற்றும் நோய் கிடையாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருகிற சம்பந்தங்களிடம் அதைச் சொன்னதும் அவர்கள் திரும்பி வருவதில்லை. இரண்டு இடம் அப்படிப் போனது எனக்குத் தெரியும்.

படிப்பு முடிந்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு நான் வீட்டில் இருந்த அறுபத்து நான்கு ஆவணியில், பழனிக்குப் பக்கம் பாலசமுத்திரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. தோட்டம் துரவு உள்ள குடும்பம். பையன் பழனியில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதினான். தரகர் வந்து பேசியபோது அப்பா அவரை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய்ச் செத்த நேரம் தணிந்த குரலில் பேசினார். கையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

முதலில் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள், பையனுடைய அம்மாவும் சித்தியும். விளக்கு வைத்த நேரம். கொசு வரும் என்று சொல்லி அப்பா தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினார். கூடத்தில் டியூப் லைட் எரிந்தது. ஓரத்தில் குத்துவிளக்கு. அக்கா தட்டோடு அடுக்களையிலிருந்து வெளியே கால் வைத்தாள். டியூப் லைட் அணைந்தது. “கரண்டு போயிருச்சு” என்று அப்பாவின் குரல் வாசல் நடையிலிருந்து கேட்டது. பெட்டி டக்கென்றது. அத்தோடு சரி. பல்பு எரியவில்லை.

அம்மா குத்துவிளக்கைப் பாய்க்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அக்கா குனிந்து காப்பி கொடுத்தாள். பையனுடைய அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெளக்கு வெளிச்சத்துல புள்ள மகாலட்சுமியாட்ட இருக்குதுங்க” என்றார். சித்தி விளையாட்டுப் பேச்சுக்காரர். “ஏனுங்க, ஊருக்கெல்லாம் லைட்டுக் குடுக்கறவரு வீட்டுல இருட்டுங்களா? எங்க கல்யாணத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறோமுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. எங்கள் வீட்டில் ஒரு பொருள் மானத்தை வாங்கிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் பெட்டியைத் திறக்கப் போனேன். அப்பா பார்த்துவிட்டார்.

“அத விடுப்பா. பேட்டரி செத்துப்போச்சு. புதுசு வாங்கணும்.”

“நான் செத்தப் பாக்குறேனேப்பா.”

“விடுன்னா விடேன்.”

ஒரு ஹாரன் கரகரத்தால் அதைச் சரிசெய்யாமல் சாப்பிட உட்காராதவர் அவர். முகூர்த்த மாதத்து வேலை அலுப்பு என்று விட்டுவிட்டேன்.

பெண் பிடித்திருக்கிறது என்று தகவல் வந்தது. ஆவணி முடிவதற்குள் பையனும் அவன் பெரியப்பாவும் வந்து பார்த்துவிட்டால் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அவர்கள் வரவேண்டிய அன்று மத்தியானம், கல்யாண வீட்டில் கட்டியிருந்த ஸ்பீக்கர்களை அவிழ்த்து வர அப்பா தாடிக்கொம்புக்குப் போனார். நான் பெட்டியைத் திறந்தேன். சமையல் வேலையை அம்மாவிடம் விட்டுவிட்டு அக்கா டார்ச்சோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

“ஏலே பி.எஸ்சி.காரா, பிரிச்சா மட்டும் போதாது. திரும்ப மாட்டவும் தெரியணும்.”

“நீ லைட்ட ஒழுங்கா அடி. வியாக்கியானம் வேண்டாம்.”

முதலில் பேட்டரியைப் பார்த்தேன். அமிலத்தின் கெட்டியை அளக்கும் கண்ணாடிக் குழாயில் மிதவை நன்றாக மேலே நின்றது. வோல்ட் மீட்டரில் முள் முழு அளவைக் காட்டியது. செத்த பேட்டரியாம்! அப்பா தப்பாகப் பார்த்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவரால் தப்பாகப் பார்க்க முடியும் என்பது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்து, பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொருக்கைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரால் கழுவினேன். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். டக்கென்ற சத்தம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. பல்புகளை நேராகப் பேட்டரியில் வைத்தால் பளிச்சென்று எரிந்தன. ஒயரில் எங்கும் அறுப்பு இல்லை. காந்தம் இழுக்கிறது, நாக்கு விழுகிறது. எல்லாம் தனித்தனியாக நன்றாக இருந்தன. சேர்ந்தால் வேலை செய்யவில்லை.

“நான் சுத்துன சுருள்ல ஒண்ணும் கோளாறு இருக்காது. அதை மட்டும் சொல்லிட்டேன்” என்றாள் அக்கா. பிறகு, டார்ச்சை அசைக்காமல், தணிந்த குரலில் சொன்னாள். “அந்தம்மா நல்லவங்கடா. போன தடவ காப்பி வாங்கறப்போ என் கையப் பாக்கவே இல்ல. பாக்காத மாதிரி இருந்துட்டாங்க. மத்தவங்களா இருந்தா அங்கதான கண்ணு போகும்?”

“ம்” என்றேன். என் கவனம் ரிலேயில் இருந்தது.

“ஏலே, அங்க என்னமோ பளபளங்குதே.”

நாக்கு போய்த் தட்டும் முனையின் மேல் ஒரு சின்ன மைக்கா துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போன்ற தகடு, மின்சாரத்தை விடாது. அக்கா தன் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்தாள். நான் நெம்பி எடுத்தேன். இஸ்திரிப் பெட்டிக்குள்ளும் சோல்டரிங் அயர்னுக்குள்ளும் மைக்கா இருக்கும். ரிப்பேர் பார்க்கும்போது உதிர்ந்து விழுந்திருக்கும் என்று அவளிடம் விளக்கினேன். உதிர்ந்த துண்டுக்கு ஓரம் கன்னாபின்னாவென்று இருக்கும். இதுவோ முனையின் அளவுக்குச் சதுரமாக, கத்தரியால் வெட்டியது போல் இருந்தது. பார்த்தேன். பார்த்ததை யோசிக்காமல் ஊதிவிட்டேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். பல்புகள் எரிந்தன. அக்கா கைதட்டினாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மூலையில் இருந்த பல்பை எடுத்து, விருந்தாளிகள் உட்காரும் பாய்க்கு நேர் மேலே தொங்கவிட்டேன். இருட்டில் அம்மா தடுமாறக் கூடாது என்று இன்னொரு ஒயர் இழுத்து, மெயின் போர்டு இருந்த நடையிலும் ஒரு பல்பு போட்டேன். அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று நான்தான் அக்காவிடம் சொன்னேன். கரண்டு போகும்போது அவரே பார்க்கட்டும்.

“கரண்டு போகாட்டி?”

“என்னைக்குப் போகாம இருந்துச்சு?”

சாயங்காலம் பையன், அவன் அம்மா, பெரியப்பா மூவரும் வந்தார்கள். பெரியப்பா வெள்ளை மீசையும் தோள் துண்டுமாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ போட்டுப் பேசும் மனிதர். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். கொசு வரும் என்று சொல்லி ஜன்னல்களைச் சாத்தினார். மழை பெய்ததா, விலைவாசி எப்படி என்று பேச்சு நடந்தது. பையன் பாயின் கோரையை எண்ணுகிறவன் போலக் குனிந்திருந்தான். “பொண்ண வரச் சொல்லுங்க” என்றார் பெரியப்பா. அப்பா எழுந்து நடைப்பக்கம் போனார். அக்கா வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. பையனுடைய அம்மாவைப் பார்த்துத் தெரிந்தவர்களைப் பார்ப்பது போலச் சிரித்தாள். குனிந்து முதல் டம்ளரை அவருக்கு நீட்டினாள்.

டியூப் லைட் அணைந்தது. பெட்டி டக்கென்றது. பல்புகள் எரிந்தன.

“எரிஞ்சிருச்சுப்பா!” என்று கத்தினேன். கையைக்கூடத் தட்டினேன். அப்பா எங்கே என்று நடைப்பக்கம் திரும்பினேன்.

நடையில் நான் மாட்டிய பல்புக்குக் கீழே அப்பா முக்காலியின் மேல் நின்றிருந்தார். மெயின் போர்டின் மூடி திறந்திருந்தது. அவர் கையில் ஃபியூஸ் கட்டை இருந்தது. “கரண்டு” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது என்னம்மா கையில?”

நான் திரும்பினேன். பையனுடைய அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பல்புக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மா பூசிவிட்டிருந்த பவுடர் காப்பி ஆவியிலும் வேர்வையிலும் கரைந்திருந்தது. விரல்களும் புறங்கையும் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்துத் தெரிந்தன.

“போன தடவ பாத்தீங்கல்ல?” என்றாள் அக்கா.

“எங்க பாத்தோம்மா? அன்னைக்கும் கரண்டு இல்லியே.”

அக்கா மெதுவாகத் திரும்பி நடையைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா எழுந்து ஜன்னலைத் திறந்தார். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்க் காப்பிக் கடையிலும் வெளிச்சம். ஜன்னலைச் சாத்திவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எறங்கி வாங்க. வயசானவரு, விழுந்து வெச்சிரப் போறீங்க” என்றார் அப்பாவிடம். திட்டியிருந்தால் தேவலை. அப்பா இறங்கினார்.

“கையில இருக்கற திட்டு ஒரு பக்கம் இருக்கட்டுங்க. சொல்லியிருந்தா நாங்க யோசிச்சிருப்போமுங்க. வந்தாலும் வந்திருப்போம். இப்ப நாங்க எதைன்னு நம்பறதுங்க?”

அம்மா, “தேமல்தாங்க, வெறும் தேமல்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பையனுடைய அம்மா அக்காவின் கையை விட்டுவிட்டு, தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகச் செய்தது. அக்கா அதையும் பார்த்தாள். பையன் எழுந்து போனான். வாசலில் செருப்பைத் தேடினான். என் பல்பு வெளிச்சம் அதுவரை விழுந்ததால் உடனே கிடைத்துவிட்டது.

அவர்கள் போனபிறகு யாரும் உட்காரவில்லை. அக்கா அப்பாவிடம் போய் அவர் கையிலிருந்த ஃபியூஸ் கட்டையை வாங்கினாள். முக்காலியில் ஏறிச் சொருகினாள். டியூப் லைட் மினுக்கி மினுக்கி எரிந்தது. பெட்டி டக்கென்று மாறி, பல்புகள் அணைந்தன. இறங்கியவள் அப்பாவிடம் ஒன்று மட்டும் கேட்டாள்.

“தரகர்கிட்ட அன்னைக்கு வாசல்ல என்ன சொன்னீங்க?”

“சொல்லவேண்டாம்னு சொன்னேன்” என்றார் அப்பா.

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பா பெட்டியருகே குனிந்து, மூடியைத் திறந்து, விரலால் அந்த முனையைத் தடவிப் பார்த்தார். “நல்லாத்தான் செஞ்சிருக்கே” என்றார் என்னிடம். குத்தலாகச் சொல்லவில்லை. தொழில்காரர் தொழிலைப் பார்த்துச் சொன்னது. அதைக் கேட்டபோது கூசியது போல் நான் எந்த வசவுக்கும் கூசியதில்லை.

எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். வெட்கத்தைப் பற்றி அவற்றில் வருவதெல்லாம் ஆள் ஒரு தப்பைச் செய்து, பிறகு வெட்கப்படுவதாகத்தான் இருக்கிறது. எனக்கு வெட்கம் தருவது அந்தப் பல்புகள் எரிந்த கணத்தில் வந்த சந்தோஷம். அக்கா குனிந்திருக்கிறாள், அப்பா முக்காலியில் நிற்கிறார், என் கை தட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கடுத்தாற்போல் இன்னொன்று. பெரியப்பா ஜன்னலைத் திறந்தபோது நான் அப்பாவைவிட்டு இரண்டடி தள்ளி, விருந்தாளிகள் பக்கமாக நகர்ந்து நின்றேன். இவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பது போல. அப்பா அதைக் கவனித்தாரா என்று நான் கேட்டதில்லை. அவரைப் பொய் சொல்லவைத்தது எது என்பதை யோசிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. உண்மையைச் சொல்லி இரண்டு இடத்தை அவர் இழந்திருந்தார் என்பதை அப்போதே அறிந்திருந்தும்.

அந்த வாரமே தரகர் வந்து வேறு இடம் இருப்பதாகச் சொன்னார். அக்கா உள்ளேயிருந்து வந்து நேராகப் பேசினாள். “பகல்ல வரச் சொல்லுங்க. கையில இப்படி இருக்குன்னு சொல்லிட்டே வரச் சொல்லுங்க. வாசல்லயே காட்டிர்றேன்.” தரகர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அந்த இடம் வரவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களில் ஒருவர் கையைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுகிறது, கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அழுதுகொண்டே இருந்தாள். அக்கா அழவில்லை. அப்பாவுக்குச் சோறு போடுவாள், ரசமா மோரா என்று கேட்பாள், வேறு பேச மாட்டாள். கம்பி சுற்ற உட்காருவதையும் விட்டுவிட்டாள். வேலை வந்தால் அப்பா தானே சுற்றினார். சுற்று சுற்றின் மேல் ஏறும். அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுவார்.

அறுபத்தாறு மாசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் அம்மாவோடு வந்தார். முற்பகல், நல்ல வெயில். அக்கா சொன்னபடியே வாசலில் நின்று கையை நீட்டினாள். வாத்தியாரின் அம்மா பார்த்துவிட்டு, “வலிக்குமா?” என்றார். “வலிக்காது” என்றாள் அக்கா. “அப்பறம் என்ன. தாகமா இருக்கு, மொதல்ல தண்ணி குடு” என்று உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அப்பா கூடத்தில் இல்லை. பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் அவர் முன்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது வழக்கமாகியிருந்தது. அப்பா எங்கே என்று வாத்தியார் கேட்டதும் அம்மா ஏதோ வேலை என்று மழுப்பினாள். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“அப்பாவ வரச் சொல்லு. அவரு வந்தாத்தான் நான் காப்பி எடுத்துட்டு வருவேன்.”

நான் போய்க் கதவைத் தட்டினேன். அப்பா பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வேலை எதுவும் இல்லை.

“அக்கா கூப்புடுதுப்பா.”

“கையப் பாத்துட்டாங்களா?”

“பாத்துட்டாங்க.”

“நல்லாப் பாத்தாங்களா? வெளிச்சத்துல?”

“வெயில்ல நின்னு பாத்தாங்கப்பா.”

ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். பொத்தானை ஒன்று தவறிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார். நான் உதவவில்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்கு முன்னால் நடந்து போய்க் கூடத்து நிலைப்படியில் நின்றார். வாத்தியார் எழுந்து வணக்கம் சொன்னார். அப்பா கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்கியபிறகும் தலை நிமிரவில்லை. அக்கா தட்டோடு வந்து, முதல் டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“புடிங்கப்பா, சூடு.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.